குரல் போன கோச்

செப்டம்பர் 9

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் இருந்த தைராய்டுக் கட்டியை எடுத்துவிட்டார்கள். கூடவே குரலும் போய்விட்டது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "குரல் நரம்பு அதிர்ச்சியில இருக்கும்மா, நாலு மாசம் பொறுத்துப் பாப்போம்" என்றார். நரம்புக்கு மட்டும்தான் அதிர்ச்சி என்று நினைத்துவிட்டார் போல.

வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது, சைக்கிள் டியூப்பில் வால்வைப் பிடுங்கின மாதிரி.

இவர் தன் வங்கியில் கொடுத்த டைரி ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "சொல்லணும்னு தோணுறத எல்லாம் இதுல எழுது சௌந்தரி. இல்லேன்னா உனக்கு நெஞ்சு வெடிச்சிரும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. இப்போதுதான் இவருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருந்தார்கள். எழுதினேன். பெயர்: தே. ஞானசௌந்தரி. வயது: ஐம்பத்து மூன்று. தொழில்: தடகளப் பயிற்சியாளர், நெடுந்தூர ஓட்டம், பாளையங்கோட்டை. "முன்னாள்" என்று எங்கும் எழுதவில்லை.

செப்டம்பர் 16

டாக்டர் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். மைதானத்துக்குப் போனேன். மைதானம் எனக்கு வெளியே இல்லை.

நான் அங்கே நின்று "கால எடுத்து வையிட்டீ!" என்று ஒரு சத்தம் போட்டால் எதிரே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்பார்கள். இன்று கழுத்தில் விசிலைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஊதினேன். இரண்டாவது தடவை ஊதும்போது இருமல் வந்துவிட்டது. என்னிடம் ஓடுகிற ஷைனி பாய்ந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரும் தப்பான வழியில் இறங்கி, மூச்சு முட்டி, கண்ணெல்லாம் நீர். அது இருமலில் வந்த நீர். பிள்ளைகள் எல்லோரும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இசக்கியம்மாள் மட்டும் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள். முப்பத்தொரு வயது, வண்ணார்பேட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, வீட்டில் புருஷன், ஒரு பெண்குழந்தை. பத்து வருடமாக என்னிடம் ஓடுகிறாள். முழங்கை வெளியே போகிறது என்று பத்து வருடமாகச் சொல்கிறேன், இன்னும் போகிறது. ஆனாலும் இப்போது ஜில்லாவில் மாரத்தான் தூரத்தை அவளைப் போல் தாங்குகிற பெண் வேறு யாரும் இல்லை. கோச் இருமிச் செத்தாலும் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. அதுதான் நான் கொடுத்த பயிற்சி.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று எனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள்.

கூட்டம் என்றுதான் தடகள மன்றத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். போனால் பேனர் கட்டியிருக்கிறது. அதில் என் படம், நான் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிற படம். வேறு படம் கிடைக்கவில்லையாம். செயலாளர் சிதம்பரநாதன் மைக்கைப் பிடித்தார். "ஞானசௌந்தரி மேடத்தோட சேவைய யாரும் மறக்க முடியாது. இனி அவங்க ஒடம்பப் பாத்துக்கிட்டு ஓய்வெடுக்கணும்ங்கிறதுதான் நம்ம எல்லார் ஆசையும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிற புதுக் கோச்சை அறிமுகம் செய்தார். ரூபன் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு கடிகாரம், இன்னொரு கையில் போன். பிள்ளைகளின் இதயத் துடிப்பெல்லாம் அந்தப் போனில் தெரியுமாம்.

பொன்னாடை போர்த்தினார்கள். சிதம்பரநாதன் மைக்கை என் முன்னால் நீட்டி, உடனே தன் தப்பை உணர்ந்தவர் போலப் பின்னால் இழுத்துக்கொண்டார். கீழே யாரோ சிரித்தார்கள்.

பொன்னாடையைக் கழற்றினேன். நிதானமாக மடித்தேன். அவர் தோளில் போட்டேன். மடிப்புக் கலையாமல் இரண்டு தட்டும் தட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் இவர் கேட்டார். "அந்த ஆளு மூஞ்சி போன போக்கப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்கத்தான் ஆசை. திரும்பினால் என் மூஞ்சியை அவர் பார்த்திருப்பார்.

அக்டோபர் 1

காலையில் துணி துவைத்தேன். சுத்தமாக இருந்த போர்வைகளையும் எடுத்துத் துவைத்தேன்.

அக்டோபர் 4

இசக்கி வந்தாள். வேலைக்குப் போகிற சேலையோடு வந்து வாசலில் நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் ரூபனிடம் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஷைனி வந்து அழுதுவிட்டுப் போனாள். நான் தலையில் கை வைத்து அனுப்பிவிட்டேன். இவளும் அழத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், ஜனவரில தூத்துக்குடில மாநிலத் தேர்வு. மொத ரெண்டு பேரு ஊட்டி முகாமுக்குப் போவாவ. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. எப்ப ஆரம்பிக்கோம்?" என்றாள்.

இவர் வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்து எழுதினேன். "ரூபனிடம் போ."

"போகல."

"மைதானம் அவர்களுக்கு. காலையில் நமக்கு இடம் கிடையாது."

"நாற்பத்திரண்டு கிலோமீட்டரு ரோட்டுலதான ஓடணும். மைதானம் என்னத்துக்கு?"

"என்னால் பேச முடியாது" என்று எழுதினேன். சாக்பீஸ் உடைந்துவிட்டது.

அவள் குனிந்து உடைந்த துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். "நாளைக்கு அஞ்சரைக்கு மேலப்பாளையம் முக்குல நிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விசுவாசம் என்றால் இதுதான். ஒரு மனுஷியையாவது ஒழுங்காக உருவாக்கியிருக்கிறேன்.

அக்டோபர் 21

தீபாவளிக் குப்பை ரோடெல்லாம். அதன் மேலேயே ஓடினாள். நான் ஸ்கூட்டியில் பின்னால் போகிறேன். ஹாரனில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ஒரு தடவை அடித்தால் வேகம் கூட்டு. இரண்டு தடவை என்றால் குறை. நீளமாக அடித்தால் கை, முழங்கை, தோள், ஏதோ ஒன்று சரியில்லை. எது என்று அவளுக்கே தெரியும்.

ஹாரன் நல்ல சாதனம். தொண்டை வலிப்பதில்லை. இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

சீவலப்பேரி ரோட்டில் ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "எக்கா, அந்தப் பிள்ள ஒதுங்கித்தான ஓடுது, அத ஏன் இப்படி வெரட்டுதீங்க?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்.

நவம்பர் 3

குளியலறையில் குழாயை முழுதாகத் திறந்து வைத்திருந்தது துணி அலசத்தான். இவர் கதவைத் தட்டி, "அந்த 'அ' கொஞ்சம் நல்லா வருது, 'ஈ' சொல்லிப் பாரு" என்கிறார். மனுஷனுக்குக் காது கூடிப் போயிற்று.

நவம்பர் 18

நான்கு நாளாக மழை. துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. இசக்கியின் ஷூவை எங்கள் வீட்டு அடுப்படியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். காய்வதற்குள் மறுபடியும் நனைகிறது.

சிதம்பரநாதன் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். மன்றக் கோச்சிடம் பயிற்சி எடுக்காதவர்களுக்கு மன்றத்தின் பெயரில் இடம் கிடையாதாம். தனி ஆளாக வேண்டுமானால் ஓடிக்கொள்ளலாம், மன்றச் சட்டை போடக் கூடாது, வண்டியில் இடமும் இல்லையாம்.

"நீ என்ன சொன்ன?" என்று சிலேட்டில் கேட்டேன்.

"சட்ட என்ட்ட இருக்கு சார், பஸ்ஸும் ஓடுதுன்னு சொன்னேன்."

ஹாரன் இல்லாததால் அடுப்படியில் கரண்டியால் பாத்திரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். இவர் பயந்துபோய் ஓடி வந்தார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தாலும் காற்றுதான் வருகிறது, பரவாயில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

என்ன நடந்ததோ அதை எழுதுகிறேன். நியாயம் யார் பக்கம் என்று யார் படித்தாலும் தெரியும்.

இன்று நீள ஓட்டம். சீவலப்பேரி ரோடு, வாழைத்தோப்பெல்லாம் தாண்டி, பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். பாதிக்கு முன்னாலேயே வேகம் கூடிவிட்டது. இரண்டு தடவை அடித்தேன். குறைக்கவில்லை. மறுபடியும் இரண்டு தடவை. முழங்கை போயிற்று. நீளமாக அடித்தேன். தோள் ஏறியது. அடித்தேன். கேட்காதது போல் ஓடினாள். அப்படியானால் கேட்கும் வரை அடிக்க வேண்டியதுதானே? கையை எடுக்காமல் அடித்தேன்.

நின்றாள். திரும்பி நேராக ஸ்கூட்டியைப் பார்த்து வந்தாள். சாவியைத் திருகிப் பிடுங்கினாள்.

"போதும் மேடம்! ஒரு நேரம், ஒரே ஒரு நேரம் அந்த ஹாரன அடிக்காம இருங்க!"

நான் சாவிக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நான் ஏன் உங்கட்ட நிக்கேன்னு நெனச்சீங்க? பாவப்பட்டா? ஆகஸ்டுலயே உங்கள விட்டுப் போகணும்னு முடிவு பண்ணிட்டேன், தெரியுமா? கோயம்புத்தூர்ல இருந்த ரூபன் சாருக்கு நான்தான் மொதல்ல போன் போட்டேன். பத்து வருஷமா உங்க சத்தத்துலயே ஓடி, ராத்திரி தூக்கத்துலயும் 'முழங்க, முழங்க'ன்னு கேக்கு. எம்புருஷன் எழுப்பி விடுதாரு. உங்கட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம நாளக் கடத்துனேன். அதுக்குள்ள நீங்க ஆஸ்பத்திரில படுத்துட்டீங்க."

நான் வாயைத் திறந்தேன். வராது என்று தெரிந்தும் திறந்தேன்.

"அன்னைக்கு மைதானத்துல விசிலடிச்சு இருமுனீங்களே, நான் ஏன் திரும்பிப் பாக்கல? அன்னைக்குத்தான் மேடம் மொதமொதல்ல எனக்கு என் மூச்சு கேட்டுது. எங்க இழுக்கேன், எங்க விடுதேன், எப்ப திணறுது, எல்லாம் கேட்டுது. அத விட்டுட்டுத் திரும்ப மனசு வரல. நீங்க அங்க செத்துக்கிட்டு இருக்கீங்க, நான் இங்க சந்தோசமா ஓடுதேன். வீட்டுக்குப் போய் அதுக்கும் சேத்து அழுதேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்க கண்ணு வேற எவனுக்கும் கெடையாது. எந்தக் கால் எப்ப சோருதுன்னு எனக்கு முன்னால உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் நிக்கேன். உங்க வாய்க்கு இல்ல. இப்ப வாய் போச்சுன்னு ஹாரன வாங்கிட்டீங்க."

சொல்லிவிட்டு ஓடினாள். சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பாலத்தைப் பார்த்து ஓடிப் போய்விட்டாள். என் போன் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில். சீட்டைத் திறக்கவும் அந்தச் சாவிதான் வேண்டும்.

நடுரோட்டில் என்ன செய்வது? ஒரு கல்வெர்ட்டில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. வயலில் கொக்குகள் நின்றன. ஒரு தம்பதி பைக்கை நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பேசினாலும் பாதியில் நான் விட்டிருக்க மாட்டேன். இன்று கடைசி வார்த்தை வரை கேட்க வேண்டியதாகிவிட்டது. இதுதான் ஊமையாக இருப்பதில் உள்ள கஷ்டம்.

அவள் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதில் விழுந்தது. சீரான, லேசான காலடி, தறியில் நாடா போய் வருகிற மாதிரி. பத்து வருடத்தில் அவளுடைய காலடி இப்படிக் கேட்டதில்லை. ரோடு காய்ந்திருந்ததால் இருக்கும்.

முழங்கை வெளியேதான் போகிறது.

என் முன்னால் நின்று சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஸ்டாப் வாட்ச் என் கையிலேயேதான் இருந்தது. நிறுத்த மறந்துபோனேன். எப்படியும் நல்ல வேகம்தான்.

டிசம்பர் 8

போகவில்லை. உடம்பு சரியில்லை.

டிசம்பர் 9

போகவில்லை. அரிசி புடைத்தேன்.

டிசம்பர் 10

இவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பிள்ள மூணு நாளா மேலப்பாளையம் முக்குல வந்து நின்னுட்டுத் தனியா ஓடிட்டுப் போகுதாம். பால்காரர் சொன்னாரு" என்றார்.

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

டிசம்பர் 11

அஞ்சரைக்குப் போனேன். ஸ்கூட்டி எடுக்கவில்லை, பெட்ரோல் விலை. இவருடைய பழைய சைக்கிளில் போனேன். அதில் மணி கிடையாது, என்றோ கழன்று விழுந்துவிட்டது.

இசக்கி சைக்கிளைப் பார்த்தாள். "சக்கரத்துல சேல மாட்டிராம மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

முன்னால் அவள், பின்னால் நான். அவள் இடது கால் சோர்வது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் இடது தொடையைத் தட்டிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு நடையை மாற்றினாள். அவ்வளவுதான் இன்று முழுதும் நான் சொன்னது.

டிசம்பர் 25

சர்ச்சில் பாட்டு. நான் பாடினால் முன் வரிசையில் இருக்கிறவர்கள் தங்கள் குரலைக் குறைத்துக்கொள்வார்கள். இன்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது. பக்கத்தில் இவர் பாடினார். இவர் இத்தனை நன்றாகப் பாடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இவர் பாடி நான் கேட்டதில்லை. இத்தனை நாள் பாடாமலா இருந்தார், அல்லது பாடியும் கேட்காமல் போயிற்றா? இதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். கேக் சுமார்.

ஜனவரி 6

டாக்டர் குழாயை மூக்கு வழியாக விட்டு டிவியில் காட்டினார். வலது பக்கக் குரல்நாண் ஆடுகிறது. இடது பக்கம் அப்படியே கிடக்கிறது.

"இது இனி அசையாதும்மா. ஒரு சின்ன ஆப்பரேஷன் பண்ணி, அத நகத்தி நடுவுக்குக் கொண்டு வரலாம். பேச்சு வரும். பழைய சத்தம் வராது."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவித்துக்கொண்டு சிலேட்டில் எழுதினேன். "ஜனவரி 25-க்கு அப்புறம் பார்க்கலாம்."

"ஏன், அன்னைக்கு என்ன?" என்றார் டாக்டர்.

"வேலை இருக்கிறது" என்று எழுதினேன்.

ஜனவரி 24

தூத்துக்குடி. நான், இசக்கி, இவர், மூன்று பேரும் பஸ்ஸில் வந்தோம். லாட்ஜில் கொசு.

நம்பர் வாங்கப் போன இடத்தில் சிதம்பரநாதன் நின்றார். மேசையில் இருந்தவரிடம் குனிந்து, "இந்தம்மா மன்றக் கடிதம் இல்லாம வந்திருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். மேசைக்காரர் அசட்டையாக, "தனி ஆளு தனியா ஓடலாம் சார், சட்டத்துல இருக்கு" என்று நம்பரைக் கொடுத்துவிட்டார். சிதம்பரநாதன் அப்புறம் என்னிடம் திரும்பினார். "மேடம், ரோட்டுக்கு உள்ள கோச்சுகளுக்கு அட்டை இருந்தாத்தான் அனுமதி. நீங்க எதுக்கு வெயில்ல அலஞ்சுக்கிட்டு?"

ரோட்டுக்கு வெளியே நிற்க யாருடைய அட்டையும் தேவையில்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் பார்வையைத் திருப்பியது அவர்தான்.

அறைக்கு வந்து இசக்கிக்குத் திட்டத்தை எழுதிக் காட்டினேன். துறைமுகச் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது கடல் காற்று எதிரே அடிக்கும். திரும்பும் இடம் வரை ஷைனிக்குப் பின்னால் மறைந்து ஓடு. திரும்பிய பிறகு தாண்டு. படித்தாள். "சரி மேடம்" என்றாள். அவள் "சரி" என்று இத்தனை சீக்கிரம் சொல்லுகிற ஆள் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

எல்லைக்கோட்டுக்கு முந்தின கடைசி வளைவில், உப்பளத்துக்குப் பக்கத்தில் நின்றேன். போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை அந்த வழியாக வருவார்கள். இரண்டு பக்கமும் உப்புக் குவியல். வெயில் பட்டுக் கண் கூசியது. கொஞ்சம் தள்ளி ரூபன், கழுத்தில் அட்டையோடு.

முதல் தடவை வந்தார்கள். முன்னால் இசக்கி. தனியாக, எதிர்காற்றில், இரண்டு கரண்ட் கம்ப தூரம் முன்னால்! ஷைனியும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியும் பின்னால் சேர்ந்து வருகிறார்கள். எழுதிக் காட்டியதற்கு நேர் எதிர். எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினேன். குறை, குறை. அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தே தலையை இல்லையென்று அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாயைத் திறந்தேன். பஸ் ஸ்டாப் வரை கேட்கிற அந்தச் சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

அடுத்த இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நான் நின்ற இடத்திலேயே நடந்தேன். இவர் குடையோடு பின்னாலேயே நடந்தார். "அவளுக்குத் தெரியாதா என்ன?" என்றார் ஒரு தடவை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று பேசுகிற நேரமா அது.

திரும்பி வந்தார்கள். முதலில் கோயம்புத்தூர்ப் பெண். எட்டிவிட முடியாத தூரத்தில் போய்விட்டாள். அடுத்து ஷைனி. அதற்கு ஒரு லாரி நீளம் பின்னால் இசக்கி. சட்டையெல்லாம் உப்பு பூத்திருந்தது. உதடு வெள்ளை. எதிர்காற்றில் செலவழித்ததற்கு இப்போது விலை கொடுக்கிறாள்.

முகாமுக்கு இரண்டு பேர். மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் கிடையாது.

ரூபன் ரோட்டோரமாக நின்று கத்தினார். "ஷைனி, கை! கை! தோள எறக்கு! பின்னால வாரா பாரு!" நல்ல சத்தம்தான். ஒவ்வொரு தடவை அவர் கத்தும்போதும் ஷைனி அவர் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். திருப்பும்போதெல்லாம் அவள் நடை ஒரு இழை குழம்பியது. நான் முதல் முறையாக அதைப் பார்த்தேன். ஓடுகிற பெண் கழுத்தைத் திருப்பினால் கால் என்ன ஆகிறது என்பதை.

விசில் என் உதட்டில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. ஊதினால் கேட்கும். அந்த விசிலுக்கு இசக்கி எங்கிருந்தாலும் திரும்புவாள், பத்து வருடப் பழக்கம்.

இசக்கி என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் ரோட்டில் இருந்தது. முகம் ஏதோ ஒரு சத்தத்துக்குக் காது கொடுப்பது போல லேசாகச் சாய்ந்திருந்தது.

விசிலை எடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போகும் வரை அசையவில்லை. இடது தொடையைத் தட்டியாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அந்தக் காலடி என்னைத் தாண்டிப் போயிற்று. சீராகத்தான் இருந்தது.

முடிவை நான் பார்க்கவில்லை. எல்லையை நோக்கி நானும் இவரும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதலிடம் கோயம்புத்தூர். "இரண்டாவது இடம், இசக்கியம்மாள், மன்றம்..." என்று நிறுத்தி, யாரிடமோ கேட்டுவிட்டு, "மன்றம் எதுவும் இல்லை. தனி ஆள்" என்றார்கள்.

இவர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். நடுரோட்டில், தனியாக.

அவள் தார்ப்பாயில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தாள்.

"மேடம், கோவமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சிரிக்கப் போய், திரும்பி வாந்தி எடுத்தாள்.

சிதம்பரநாதன் ஒரு போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ரூபன் தயங்கித் தயங்கி. "வாம்மா இசக்கி, நம்ம மன்றத்துப் பிள்ளைதான நீ, ஒரு படம் எடுத்துக்கிடுவோம். கோச்சும் வாங்க" என்று ரூபனைக் கூப்பிட்டார்.

இசக்கி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "சார், இப்பத்தான மைக்ல சொன்னாவ, கேக்கலையா? தனி ஆளாம்." என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். "கோச் இந்தா இருக்காவ. இவங்களையும் என்னையும் எடுங்க. மத்தவங்க கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்கு."

நகர்ந்தார்கள்.

ஜனவரி 27

இசக்கி மார்ச்சில் ஊட்டிக்குப் போகிறாள். என் ஆப்பரேஷன் பிப்ரவரி நடுவில். இவர் தேதி வாங்கி வந்துவிட்டார். பழைய சத்தம் வராது என்பதை எல்லோரும் என்னிடம் மெதுவாக, நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்கிறார்கள். எனக்கு இருக்கிற வேலைக்கு வருகிற சத்தம் போதும்.

இன்று காலை மைதானத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மன்ற ஆள் அல்லாதவர்களை விடக் கூடாது என்று செயலாளர் உத்தரவாம். காவலாளி சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சேலையை இழுத்துச் செருகினேன். கேட்டில் ஏறினேன். மேலே போனதும் ஒரு நிமிடம் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து முழு மைதானமும் தெரிந்தது. உள்ளே குதித்தேன். முழங்காலில் தோல் போயிற்று.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஓடுங்கள் என்று கையைக் காட்டினேன். ஓடினார்கள்.

ரூபன் ஓடி வந்தார். போகச் சொல்லுவார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். அவர் மூச்சு வாங்க நின்று, "மேடம், ரெண்டு நாளா தூக்கமில்ல. கடைசி வளைவுல இசக்கிக்கு அப்படி என்ன சொன்னீங்க? ஒரு சிக்னல் குடுத்திருப்பீங்க. நான் கவனிக்கல. அது என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

பேசினேன். வெறும் காற்றாகத்தான் வந்தது. அவர் குனிந்து, காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"சும்மா நின்னேன்" என்றேன்.